கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க எச்-டூ-எஸ் பாட்டில்: வாங்கலாமா?

வாங்கலாம். சொந்தக் கிணறோ போரோ இருக்கிற வீடென்றால் கட்டாயம் வாங்குங்கள். சின்னப் பாட்டில்தான், உள்ளே மருந்து தோய்த்த காகிதம். கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெயில் படாமல் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும், மலக்கழிவு கலந்திருந்தால் அதிலுள்ள கிருமிகள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு (எச்-டூ-எஸ்) வாயுவால் தண்ணீர் கறுத்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வாடையும் கிடையாது, ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் மை ஊற்றின மாதிரி கறுப்பு, எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம்தான் டேப் பிடித்து அளந்தோம்: செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து வெறும் 7 மீட்டரில் இருக்கிறது, இந்தியத் தர விதி கேட்பதோ குறைந்தது 18 மீட்டர்.

குறை என்றால், செய்முறைத் தாளில் ஒரு வரி கூடத் தமிழ் இல்லை. கிருமி எவ்வளவு என்று சொல்லாது, கழிவிலிருந்து தண்ணீரில் கலக்கிற நைட்ரேட் உப்பும் தெரியாது, அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். கறுக்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நாங்கள் இப்போது கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம், குழியை இடம் மாற்ற ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.