‘ஹார்மோனே இல்லை மேடம்’ என்று சொல்லிக் கொடுத்த க்ரீம்

மார்பகப் புற்றுநோய் வந்து போய், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுக்கிற ஹார்மோன் சிகிச்சை கூடாது என்று சொல்லப்பட்டு, மாதவிடாய் நிற்கிற மெனோபாஸ் சூட்டில் ராத்திரி தூக்கமில்லாமல் தவிக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். 42,000 ரூபாய் போனது. அதைக்கூட விட்டுவிடலாம். இன்னொருத்தர் பேச்சைக் கேட்டு 19 நாள் நான் போடாமல் விட்ட மாத்திரையை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு 49 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. 2021 நவம்பரில் இடது மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிற வகைக் கட்டி அது, ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று இருக்கும். கீமோ மூன்றாவது சுற்றிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. அதன்பிறகு, ஈஸ்ட்ரோஜன் கட்டியில் ஒட்டாமல் தடுக்கிற தமாக்சிபென் மாத்திரை, தினமும் 20 மில்லிகிராம்.

அந்தச் சூட்டைப் பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருப்பேன், நெஞ்சுக்குள்ளிருந்து குப்பென்று கிளம்பிக் காதுமடல் வரை ஏறும். முதுகில் ஜாக்கெட் நனைந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூசும். இரவில் ஐந்து ஆறு முறை எழுந்து உட்காருவேன். நைட்டியை மாற்றிக்கொண்டு படுத்தால் அரைமணி நேரத்தில் மறுபடியும். விடிந்ததும் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன், பிறகு அழுவேன்.

புற்றுநோய் ஓ.பி.யில் கேட்டேன். வெளியே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “இந்த மாத்திரைக்கு அப்படித்தாம்மா இருக்கும், போகப்போகப் பழகிடும். ஹார்மோன் மட்டும் எடுத்துடாதீங்க” என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் அது பாதிதான். எதை எடுக்கக்கூடாது என்று சொன்னவர், எதை எடுக்கலாம் என்று சொல்லவில்லை. அந்த மீதிப் பாதியைத் தேடித்தான் நான் போய் மாட்டினேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேச அவருக்கு வழி இருந்திருந்தால் நான் அந்த மையத்தின் படி ஏறியிருக்க மாட்டேன்.

அது ஒரு ‘பெண்கள் ஹார்மோன் சமநிலை மையம்’. பெயர் சொல்லப்போவதில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஏ.சி. அறை, வெள்ளை கோட் போட்ட இளம்பெண். என் பைலை முழுக்கப் புரட்டிப் பார்த்தார், அதுவரைக்கும் யாரும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க ஹார்மோனே கொடுக்கிறதில்ல மேடம். எல்லாம் செடி கொடியிலிருந்து எடுத்தது. உங்களை மாதிரி கேன்சர் வந்தவங்க நிறைய பேர் வர்றாங்க” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தர் உட்கார்ந்து கேட்டாரே என்ற நிம்மதிக்குத்தான் நான் பணம் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

எச்சில் பரிசோதனைக்கு 6,500. மூன்று மாதப் பேக்கேஜ் 35,500. எச்சிலை வாங்கி, வண்ண வண்ணக் கட்டம் போட்ட ரிப்போர்ட் ஒன்றைக் கொடுத்து, ‘ஈஸ்ட்ரோஜன் சமநிலை இல்லை’ என்றார்கள். 45 வயதுக்கு மேல் மாதவிடாய் நின்று சூடு அடித்தால் அது மெனோபாஸ் என்று தெரிந்துகொள்ள ஹார்மோன் டெஸ்ட்டே வேண்டியதில்லை, அறிகுறிகளே போதும். அந்த வயதில் ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், ஒரு நாள் எச்சிலை வைத்து மருந்தின் அளவைக் கணக்குப் போடுவதற்கு ஆதாரம் கிடையாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

பேக்கேஜில் ஒரு டப்பா கேப்சூலும், ராத்திரி கையில் தடவ ஒரு வெள்ளை க்ரீமும் இருந்தன. கேப்சூலில் சோயாவிலிருந்து எடுக்கிற ஐசோபிளேவோன், பிளாக் கோஹோஷ் என்ற வெளிநாட்டு மூலிகை, தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா. க்ரீம் டப்பாவில் மையத்தின் பெயரும் ‘இயற்கை’ என்ற வார்த்தையும் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது, யார் தயாரித்தது, லைசென்ஸ் எண் என்ன, ஒன்றுமே இல்லை.

முதல் மூன்று வாரம் நன்றாகவே இருந்தது. ஆறு முறை எழுந்தவள் மூன்று முறைதான் எழுந்தேன். உடனே என் நாத்தனாருக்கும் சொன்னேன், அந்தக் குற்ற உணர்வும் இருக்கிறது. இந்தச் சூட்டுக்கான மருந்து ஆராய்ச்சிகளில் வெறும் மாவு மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கணிசமாகக் குறைகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. எது கொடுத்தாலும் முதல் சில வாரம் பலன் தெரியும் என்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. என் விஷயத்தில் க்ரீமுக்குள் வேறு காரணமும் இருந்தது, அதற்கு வருகிறேன்.

சூடு திரும்ப வந்தபோது போன் செய்தேன். “உங்க தமாக்சிபென்தான் மேடம் சூட்டுக்குக் காரணம், கொஞ்ச நாள் கேப் விட்டுப் பாருங்களேன்” என்றார் அதே பெண். எழுத்தில் கொடுக்கவில்லை, போனில்தான். தமாக்சிபென் சூட்டைக் கிளப்பும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். ஆனால் என் வகைக் கட்டிக்கு அந்த மாத்திரையை ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த நோயால் சாகிற அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அவ்வளவு பெரிய காவலை ஒரு போன் பேச்சில் விட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது மாதக் கடைசியில், மூன்று வருடம் கழித்து, உள்ளாடையில் ரத்தக்கறை. பள்ளிக் கழிவறையில் அதைப் பார்த்தபோது கால் நடுங்கியது. மாதவிடாய் முழுக்க நின்றபிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் காட்டியே ஆகவேண்டும், தமாக்சிபென் சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கே. அந்த மாத்திரைக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்று வரவைக்கும் சிறு அபாயம் உண்டு என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் 11 மில்லிமீட்டர். ரத்தம் பட்டவர்களுக்கு 4-க்கு மேல் போனாலே சதை எடுத்துப் பார்ப்பார்கள். பையாப்சி எடுத்து, ரிப்போர்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது.

பையாப்சி எடுத்த பெண் டாக்டர்தான், “வேற என்னம்மா எடுத்துக்கிறீங்க?” என்று கேட்டார். டப்பாவைக் காட்டினேன். “இதுல என்ன இருக்குன்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க” என்றார். மையத்துக்கு நாலு முறை கேட்டபிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: பயோ ஐடென்டிக்கல் எஸ்ட்ரியால், பயோ ஐடென்டிக்கல் புரோஜெஸ்ட்ரோன். பயோ ஐடென்டிக்கல் என்றால் உடம்பில் சுரக்கிற ஹார்மோனின் அதே அச்சு. எஸ்ட்ரியால் ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை, புரோஜெஸ்ட்ரோன் இன்னொரு பெண் ஹார்மோன். எனக்கு எது கூடாதோ அதையே இரண்டு மாதம் தினமும் என் கையாலேயே தடவிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “எதிலிருந்து எடுத்தாங்கங்கிறது முக்கியமில்லம்மா. உள்ளே போனா உடம்புக்கு அது ஈஸ்ட்ரோஜன்தான்.” காட்டுக்கிழங்கிலிருந்தோ சோயாவிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துத் தொழிற்சாலையில் வேதிமாற்றம் செய்து ஹார்மோனாக ஆக்குகிறார்கள். அதற்குத்தான் ‘இயற்கை’ என்று பெயர். ரத்தக்கறைக்கு க்ரீம்தான் காரணமா, தமாக்சிபென்னா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் அவர் நேர்மையாகச் சொன்னார். நானும் அதற்கு மேல் குற்றம் சாட்டவில்லை. ஹார்மோன் இல்லை என்று பொய் சொல்லி ஹார்மோன் கொடுத்தார்கள், அதுதான் என் குற்றச்சாட்டு.

ஏன் கூடாது என்பதற்கு அவர் ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். மார்பகப் புற்றுநோய் வந்து குணமான பெண்களில் பாதிப்பேருக்கு ஹார்மோன் சிகிச்சை, பாதிப்பேருக்கு இல்லை. 2003-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு தொடர்ந்து கவனித்ததில் ஹார்மோன் எடுத்த 221 பேரில் 39 பேருக்கும், எடுக்காத 221 பேரில் 17 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் மறுபடி வந்திருந்தது. ஹார்மோன் போலவே வேலை செய்கிற டிபோலோன் என்ற மாத்திரையை ‘இது ஈஸ்ட்ரோஜன் இல்லை’ என்று சொல்லிக் கொடுத்தால் அதையும் வாங்காதீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்துபோன பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களில் 15.2 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, சாப்பிடாதவர்களில் 10.7 சதவீதம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஹார்மோன் சிகிச்சையே விஷம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கிற, சூட்டால் தவிக்கிற ஆரோக்கியமான பெண்கள் பெரும்பாலோருக்கு அதில் நன்மைதான் அதிகம். என்னைப் போன்றவர்களுக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் இருப்பவர்கள் போன்றோருக்கும்தான் அது ஒத்துவராது.

கேப்சூல் டப்பாவை என் மகள் போனில் பெரிதாக்கிப் படித்தாள். பொடி எழுத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், பக்கத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று இருந்தது. சட்டப்படி அது ஓர் உணவுப்பொருள். அதைத்தான் எனக்கு மருந்தென்று விற்றிருக்கிறார்கள். பிளாக் கோஹோஷ், அமுக்கரா இரண்டிலும் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகப் பதிவுகள் உண்டு. எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை ஒன்றும் இல்லை.

எனக்குக் கடைசியில் பலன் கொடுத்தது வென்லாபாக்சின். மனச்சோர்வுக்கான மாத்திரை, குறைந்த அளவில் இந்தச் சூட்டுக்கும் கேட்கிறது. 37.5 மில்லிகிராமில் ஆரம்பித்து 75 ஆனது. முதல் வாரம் குமட்டல், வாய் வறட்சி. இரண்டாவது வாரத்தில் நாலு மணிநேரம் ஒரே தூக்கம் தூங்கினேன். பி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. தமாக்சிபென் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அதே வகை மாத்திரைகளில் பராக்சிட்டினும் ப்ளுவாக்சிட்டினும் தமாக்சிபென்னை உடம்பு வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுத்துவிடும். மனநல மருத்துவரிடம் போனாலும் தமாக்சிபென் சீட்டைக் காட்டுங்கள்.

ராத்திரிச் சூடு மட்டும் அதிகமாக இருப்பவர்களுக்குப் படுக்கும்போது நரம்பு வலிக்கான காபாபென்டின் கொடுக்கிறார்கள், தூக்கக் கலக்கம் இருக்கும். சிறுநீர்ப்பைக்கான ஆக்சிபுட்டினினும் குறைக்கிறது. பெசோலினெடன்ட் என்று மூளையின் சூடு கட்டுப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கும் கல்லீரல் எச்சரிக்கை இருக்கிறது. மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு சி.பி.டி. என்கிற பேச்சுச் சிகிச்சை. வேர்ப்பதைவிட, அதனால் வருகிற தவிப்பைக் குறைக்கிறது. நான் ஆறு முறை போனேன். சூடு கிளம்பும்போது ‘எல்லாரும் பார்க்கிறாங்க’ என்று மனசு பதறுவது நின்றது. இதில் எதுவும் ரகசிய வைத்தியம் இல்லை. வென்லாபாக்சின், காபாபென்டின், ஆக்சிபுட்டினின் எல்லாம் சாதாரண மருந்துக்கடையில், டாக்டர் சீட்டில் கிடைப்பவை. அந்தரங்க வறட்சிக்கும் ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர் இருக்கிறது, கேட்க வெட்கப்படாதீர்கள். நான் மூன்று வருடம் வெட்கப்பட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்புறத்தில் ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்கள். அந்த ரசீதிலோ சீட்டிலோ எந்த டாக்டரின் பதிவு எண்ணும் இல்லை. நான் கட்டின அன்றைக்கே அதைப் பார்த்திருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தபிறகு, 12,000 தருகிறோம், இணையத்தில் நீங்கள் போட்ட விமர்சனத்தை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. லேபிளில் விவரம் இல்லாத க்ரீமுக்காக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாகவும் புற்றுநோயைக் குணமாக்குவதாகவும் மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது என்பதையும் அதில் சேர்த்தேன்.

விசாரணை இன்னும் தொடங்கவில்லை. இதே மாதிரி உள்ளே என்ன என்று எழுதாத க்ரீம் டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் இன்று இரவிலிருந்து தடவாதீர்கள், ஆனால் தூக்கியும் போடாதீர்கள். டப்பா, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். க்ரீமில் என்ன, எத்தனை மில்லிகிராம் என்று எழுத்தில் கேளுங்கள். நான் என் டப்பாவைப் பாதி க்ரீமோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் ரிப்போர்ட் பைலுக்கு மேல் வைத்திருக்கிறேன்.