42,000 ரூபா சுவருக்குள்ளே: எச்.டி.எம்.ஐ. வயர் வாங்குகிற ஆட்கள் கவனம்

ரிவிக்குப் படமும் சத்தமும் கொண்டுபோகிற எச்.டி.எம்.ஐ. வயரை வாங்கி ஏமாந்த கடைக்கு இன்று காலையும் போய் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். போனது 42,000 ரூபா. யாழ்ப்பாணத்தில் வீடு திருத்திப் புது ரிவி பூட்ட இருக்கிறவர்கள் இதை வாசியுங்கோ. என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நகரத்துக்குள் ரிவி, ஸ்பீக்கர் விற்கிற கடை, வீட்டுக்கு வந்து பூட்டியும் தருவார்கள்.

கோண்டாவில் வீட்டு ஹோலைத் திருத்தி, அப்பாவுக்கு மிகத் தெளிவான படம் தருகிற பெரிய 4கே ரிவி பூட்டச் சொல்லி அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்பியிருந்தார். அவர் வாங்கித் தந்த கேம் கொன்சோல் எதிர்ச்சுவர் அலுமாரிக்குள். வயர் சுவரேறி, சீலிங்குக்கு மேலால் போய், மற்றப் பக்கம் இறங்க வேண்டும். அளந்தால் 15 மீற்றர்.

முதலாளி கதிரை இழுத்துப் போட்டார். பிளேன்ரீ எடுப்பித்தார். உள்ளேயிருந்து கறுத்தப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, என் முன்னாலேயே உடைத்து, வயரின் தலையை என் உள்ளங்கையில் வைத்தார். மொத்த வயர், தங்க நிற முனை, நல்ல பாரம். "தம்பி, இது 2.1, 8கே. இனிப் பத்து வருசத்துக்குச் சுவரில கை வைக்கத் தேவையில்லை. என்ர வீட்டிலயும் இதுதான் கிடக்கு" என்றார். அந்த "என்ர வீட்டிலயும்" என்றதில்தான் நான் விழுந்தேன். தன் வீட்டுக்குப் போட்டதைத்தானே தருகிறார் என்று நம்பினேன். வயர் 28,000. சுவர் வெட்டிப் பூசிப் பூட்டிய கூலி 14,000. மொத்தம் 42,000 ரூபா, காசாகவே எண்ணிக் கொடுத்தேன்.

பெயின்ற் காய்ந்த பிறகுதான் கொன்சோலைக் கொழுவினோம். 4கே, 60 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 60 படம்) வைத்தால் படம் இரண்டு செக்கன் வரும், கறுக்கும், திரும்ப வரும். இடையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். அப்பா பாவம், தான் ஏதோ ரிமோட்டில் அமத்திவிட்டேன் என்று நினைத்து ரிமோட்டைத் தொடவே பயந்தார்.

கடைக்குக் கோல் எடுத்தேன். "ரிவி செற்றிங் பிழை." அடுத்த நாள் நேரே போனேன். "பூட்டின பெடியன் கிளிநொச்சிக்குப் போட்டான், வெள்ளி வாங்கோ." வெள்ளி போனால், "வயருக்கு வாரன்டி இல்லைத் தம்பி."

ஞாயிறு கொழும்பிலிருந்து மருமகன் வந்தான். அவனுக்கு இதுதான் வேலை. கொன்சோலைத் தூக்கி ரிவிக்குக் கீழே ஒரு கதிரையில் வைத்து, அதோடு வந்த குட்டை வயரால் கொழுவினான். படம் ஒரு தடவைகூட வெட்டவில்லை. பிறகு அலுமாரிக்குள் ரோச் அடித்து, சுவரிலிருந்து வெளியே நிற்கிற வயரின் உறையைத் திருப்பிக் காட்டினான். பொடி எழுத்தில் "ஹை ஸ்பீட்" என்று மட்டும் அச்சடித்திருந்தது. "அல்ட்ரா" என்ற சொல்லே இல்லை.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஹை ஸ்பீட் வயர் செக்கனுக்கு 10.2 கிகாபிட் தரவு வரைக்கும்தான் கொண்டுபோகும், 4கே என்றால் 30 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸுக்கு 18 கிகாபிட் தாங்குகிற பிரீமியம் ஹை ஸ்பீட் வேண்டும். 4கேயைவிடக் கூர்மையான 8கே என்று சொல்லி விற்கிறதென்றால் 48 கிகாபிட் தாங்குகிற அல்ட்ரா ஹை ஸ்பீட்டாக இருக்க வேண்டும். 2.1 என்பது 2017 இல் வந்த நியமத்தின் இலக்கம். வயரை அந்த இலக்கம் போட்டு விற்கக்கூடாது என்று எச்.டி.எம்.ஐ. நியமத்தை நடத்துபவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதோடு 15 மீற்றருக்குச் சாதாரணச் செப்பு வயர் 48 கிகாபிட்டைக் கொண்டுபோகவே போகாது, செப்புக்குப் பதில் ஒளியால் கொண்டுபோகிற ஒளிநார் வயர்தான் போட வேண்டும். இவ்வளவும் அந்த முதலாளிக்குத் தெரியாதா? தெரியாவிட்டால் ஏன் அந்தக் கதிரையில் இருக்கிறார்?

இன்று உறையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "1080 இல வைச்சுப் பாருங்கோவன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். 1080 என்றால் 4கேயைவிடக் குறைந்த தெளிவு. அப்படியென்றால் 8கே என்று ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். அடுத்து வந்தவரிடம் திரும்பிவிட்டார். இன்று கதிரைகூடக் காட்டவில்லை. 42,000 ரூபா, அதுவும் அண்ணா குளிருக்குள் நின்று உழைத்த காசு.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் என்னிடம் இருப்பது "வயர், கூலி 42,000" என்று பேனையால் எழுதிய துண்டு. கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

சரி, விபரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது நேரமில்லை. பெட்டியில் "அல்ட்ரா ஹை ஸ்பீட்" என்ற லேபலும் ஸ்கான் பண்ணுகிற கியூஆர் கோட்டும் இருக்கிறதா பாருங்கோ. தங்க முனையைப் பார்த்து ஏமாறாதேயுங்கோ. வயரைச் சுவருக்குள் விட முதல் நிலத்தில் விரித்து, உங்கள் ரிவியிலேயே போட்டுப் பாருங்கோ. ஒளிநார் வயர் என்றால் எந்த முனை ரிவிக்கு என்று பார்த்து விடுங்கோ, மாறினால் படம் வராது. முதலில் சுவருக்குள் பைப் வையுங்கோ, எங்களுடையது நேரே பூச்சுக்குள் கிடக்கிறது, இழுக்கவும் முடியாது. அச்சடித்த பில் தராவிட்டால் காசு கொடுக்காதேயுங்கோ.

மேசன் வந்துவிட்டார், சுவரை எங்கே உடைப்பது என்று கேட்கிறார்.