அணைத்தால் எரியும் ஹெட்லைட்: சிரியத்தில் ஒரு வயரிங் கூத்து

சிங்கப்பூரிலிருந்து மியன்மாவுக்கு, யாங்கோன் பக்கத்துச் சிரியத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய் வந்தேன். விமானம், சிம் கார்டு, காசு மாற்றியது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. மாமா வீட்டு டொயோட்டா ஹைலக்ஸின் ஹெட்லைட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். சிங்கப்பூரில் பர்மியக் கடைகள் நிறைந்த பெனின்சுலா பிளாசாவில் மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடும்போதெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி நண்பர்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

வண்டி 1980களில் ஜப்பானில் செய்த டீசல் பிக்கப். சிரியத்துக்கும் பக்கத்து ஊர் சௌக்தானுக்கும் இடையே லைன்காராக, அதாவது ஆள் ஏற்றும் வண்டியாக, ஓடியதை நம் ஆட்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பின்னால் இரண்டு பெஞ்சு, கூரையில் மூட்டை, ஏணியில் தொங்கும் பையன்கள். 2011-ல் பழைய வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி பெர்மிட் தருகிறோம் என்று அரசு சொன்னபோது தெரிந்தவர்கள் பலர் ஒப்படைத்துவிட்டுப் பளபளவென்று வேறு கார் வாங்கினார்கள். மாமா அசையவில்லை. "எஞ்சினு பேசுதுடா மாப்ளே, இத எப்படி உருக்கக் குடுக்கிறது?" இப்போது உளுந்து மூட்டையும் கோயில் சாமானும்தான் ஏற்றுகிறார்.

நான் சிங்கப்பூரில் இருந்து பழகியவன். அங்கே பத்து வருஷம் முடிந்தால் உரிமச் சீட்டைப் புதுப்பிக்கக் கொட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி துறைமுகத்துக்குப் போகும். முப்பத்தைந்து வயது தாண்டிய பிக்கப்பை நம் தெருவில் நிறுத்தினால் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். ஆகவே மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே டீசல் வாசனை, கிழிந்த ரெக்ஸின், டாஷ்போர்டில் ஒட்டிய முனீஸ்வரர் படம் என்று எனக்கு நெஞ்சு இளகிப்போனது. இருட்டுகிற வரைதான் அந்த இளக்கம்.

பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஹெட்லைட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் மஞ்சளாக, பத்தடிக்கு மேல் எட்டாத வெளிச்சம். டிம், பிரைட் இரண்டுமே அப்படித்தான். மாமா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். எதிரே வந்த லாரிகளின் வெளிச்சத்தில்தான் எங்களுக்குப் பாதையே தெரிந்தது. அத்தை பின்னாலிருந்து கந்த சஷ்டி கவசத்தை இரண்டு முறை முடித்தார்.

மறுநாள் பெரிய ரோட்டோரம் ஒரு கடைக்குப் போனோம். பெயர் சொல்ல மாட்டேன். வாசலில் வண்ண வண்ண எல்.இ.டி. சரம், உள்ளே ஸ்பீக்கர் பெட்டிகள், ஏசி ஓடும் சின்ன அறை. வயரிங் பார்க்கும் பையன் சுறுசுறுப்பானவர், மரியாதையானவர், காலில் விழாத குறை. டெஸ்ட் லாம்பின் (கரண்ட் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் சின்ன விளக்கு) கிளிப்பை பாடியில் மாட்டி, இடது ஹெட்லைட் சாக்கெட்டின் மூன்று வயரையும் குத்திப் பார்த்தார். மூன்றிலும் விளக்கு எரிந்தது. "கரண்ட் எல்லாத்துலயும் வருது, பல்புதான் போச்சு" என்றார். சுவிட்ச் அப்போது அணைந்திருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பல்பு மாற்றினார். அதே மஞ்சள். வேறு கம்பெனி பல்பு போட்டார். அதே மஞ்சள். அப்புறம்தான் அவருக்கு ஞானம் பிறந்தது: மூன்று வயரிலும் கரண்ட் வருகிறதென்றால் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு, எங்கே? எர்த்தே இல்லை! உடனே ஒரு வயரின் உறையை உரித்தார், அதில் ஒரு கறுப்பு வயரை முறுக்கிச் சுற்றினார், மறுமுனையை ரேடியேட்டர் பக்கத்து போல்ட்டில் இறுக்கினார். டப். ஃபியூஸ் போனது. பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் முப்பதைச் செருகினார். இந்தத் தடவை ஃபியூஸ் கொஞ்சம் யோசித்தது. அதற்குள் வயர் புகைந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் அந்த வாசனை இரண்டு நாள் என் சட்டையில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. சுவிட்சை அணைத்தாலும் இரண்டு ஹெட்லைட்டும் மினுக் மினுக்கென்று சிவந்து எரிந்தன. பல்புக்குள் உற்றுப் பார்த்தால் டிம், பிரைட் இரண்டு இழையுமே சிவப்பு. சாவியைத் திருப்பினால் மீட்டரில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கும் அரைகுறையாக எரிந்தது. சுவிட்சைப் போட்டால் வலது பக்கம் கொஞ்சம் தேறும், இடது பக்கம் டிம் இழை பட்டென்று அணையும். அணைத்தால் எரியும், போட்டால் அணையும் ஹெட்லைட்டை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. பையன் தலையைச் சொறிந்துவிட்டு, "காம்பினேஷன் சுவிட்சே போயிருச்சு, புதுசா வாங்கணும்" என்று, ஸ்டியரிங் பக்கத்து விளக்கு சுவிட்சைக் காட்டி ஒரு தொகை சொன்னார். மாட்டிய பல்புகளுக்கும் வேலைக்கும் காசு வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் சிங்கப்பூர் ஆங்கிலமும் பர்மியமும் தமிழும் கலந்து ஏதோ வந்தது. மாமா என் கையைப் பிடித்து வண்டிக்குள் தள்ளினார்.

காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. பின்னே? ஏழு ஆம்பியர் அளவுக்கு ராத்திரி முழுக்க ஓடினால் எந்தப் பேட்டரி நிற்கும்? ஆனால் மாமாவைப் பாருங்கள், தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லிவிட்டு, "ராத்திரி டெர்மினலைக் கழட்டி வச்சா போதும்டா" என்கிறார். இந்தக் குணம்தான் எனக்குப் புரிவதே இல்லை. எதைக் கெடுத்துக் கொடுத்தாலும் அதற்குத் தக்கபடி வாழப் பழகிக்கொள்வார்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், அதுவும் போனால் மெழுகுவர்த்தி, அதுவும் இல்லையென்றால் சீக்கிரம் தூக்கம்.

அத்தைதான் சௌக்தான் ரோட்டில் இருக்கும் சயாஜீயைப் பற்றிச் சொன்னார். சயாஜீ என்றால் பர்மியத்தில் பெரிய வாத்தியார்; இவர் வயரிங் வாத்தியார். நம் ஆள். ஹீனோ பஸ்களில் வயர் இழுத்தே முடி நரைத்தவர். பட்டறை என்று சொல்ல ஒரு தகரக் கூரை, ஒரு பலகை, லப்பயே (தேநீர்) டம்ளர், அவ்வளவுதான். என் நம்பிக்கை அங்கேயே பாதி போயிற்று. சிங்கப்பூரில் பட்டறைக்குப் போனால் முதலில் டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுவார்கள், திரையில் எண் வரும், எண்ணுக்கு ஒரு பாகம், பாகத்துக்கு ஒரு பில். இந்த வண்டியில் ஸ்கேனரைச் செருக ஓட்டையே கிடையாது.

சயாஜீ வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்வி. "ரெண்டு பக்கமும் சேர்ந்தா மங்குச்சு, இல்ல ஒண்ணு விட்டு ஒண்ணா?" சேர்ந்து என்றோம். "டிம்மு, பிரைட்டு ரெண்டுலயுமா?" ஆமாம். "அப்ப பல்பு எப்படிப் போகும்? ஒரே நேரத்துல நாலு இழையும் சொல்லி வச்சா போகும்? இடதுக்கு ஒரு ஃபியூஸ், வலதுக்கு ஒரு ஃபியூஸ். அது ரெண்டும் பொது இல்ல. பொதுவா இருக்கிறது என்னா? சுவிட்சும் அதுக்குப் பின்னாடி இருக்கிற எர்த்தும்." பானட்டையே திறக்காமல் பாதி வேலை முடிந்துவிட்டது.

பிறகு சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினார். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பழைய டொயோட்டா வைத்திருக்கும் நம் சொந்தங்கள் மியன்மா முழுக்க இருக்கிறார்கள். பல வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் சுவிட்ச் வழியாக பல்புக்கு வரும், பல்பிலிருந்து நேராக பாடிக்குப் போகும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் தலைகீழ். பிளஸ் ஃபியூஸ் வழியாக நேராக பல்பின் பொது முனைக்கு வந்து எப்போதும் காத்திருக்கும். டிம் வயரும் பிரைட் வயரும் சுவிட்சுக்குப் போகும், சுவிட்ச் அதில் ஒன்றை எர்த்தோடு சேர்க்கும். அதாவது அணைப்பதும் எரிப்பதும் மைனஸ் பக்கத்தில். அதனால் பல்பு மாட்டியிருக்கும்போது, சுவிட்ச் அணைந்திருந்தால், மூன்று வயரிலும் பன்னிரண்டு வோல்ட் காட்டும், இழை வழியாகவே கடந்து வந்துவிடும். சுவிட்சைப் போட்டால் எரிகிற இழையின் வயரில் வோல்ட் விழுந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். விழாமல் நின்றால் எர்த்தில் கோளாறு.

பையன் சுற்றிய கறுப்பு வயர், எப்போதும் பிளஸ் இருக்கும் பொது முனையை பாடியில் கட்டிப் போட்டது. நேர் ஷார்ட், ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? ஃபியூஸ் போன பிறகு இடது பல்பின் பொது முனை வெறும் எர்த் ஆகிவிட்டது. வலது பல்பின் பிளஸ், அதன் இழைகளைக் கடந்து, டிம் வயர் வழியாகவும் பிரைட் வயர் வழியாகவும் இடது பல்புக்குள் புகுந்து பாடிக்கு இறங்கியது. இரண்டு இரண்டு இழையாக வரிசையில், ஆளுக்கு ஆறு வோல்ட். அதுதான் அந்தச் சிவப்பு மினுக்கு. சுவிட்சை டிம்மில் போட்டால் இடது டிம் இழையின் இரண்டு முனையும் எர்த், அணையாமல் என்ன செய்யும்? சுவிட்சின் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதன் பிறகுதான் பானட்டைத் திறந்தார். கறுப்பு வயரைப் பிடுங்கி எறிந்தார். கருகிய துண்டை நல்ல வயர் தெரியும் வரை வெட்டிவிட்டு, அதே தடிமனில் புது வயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, உறை மாட்டினார். முறுக்கி டேப் சுற்றும் வேலை இல்லை. பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ். ஹெட்லைட்டைப் போட்டோம். பழைய மஞ்சள் திரும்பி வந்தது, இரண்டு பக்கமும் சமமாக. எனக்கு அந்த மஞ்சளைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அடுத்து டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பாடியில் மாட்டாமல் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டினார். இப்போது விளக்கு எரிந்தால் எர்த் இருக்கிறது என்று பொருள். சுவிட்சின் எர்த் வயரில் குத்தினால் நன்றாகவே எரிந்தது. நான் "எர்த் சரிதானே ஐயா?" என்றேன். "சின்ன விளக்குக்கு ஒரு நூல் போதும் தம்பி, ஹெட்லைட்டுக்குக் கயிறு வேணும்" என்று சொல்லிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். ஹெட்லைட் எரியும்போதே, சுவிட்சின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்தார். அரை வோல்ட்கூட வரக்கூடாத இடத்தில் மூன்றுக்கு மேல் காட்டியது. பல்புக்குப் போக வேண்டியதில் கால் பங்கு வழியிலேயே தின்னப்படுகிறது.

தின்றது யார் என்றால், டிரைவர் கால் பக்கத்துத் தகட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு எர்த் போல்ட். எத்தனை மழைக்காலத்துத் தண்ணீரோ, பச்சையும் பழுப்புமாகப் பூத்துக் கிடந்தது. கழற்றி, உப்புத்தாளால் தகரம் மின்னும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம். வெளிச்சம் எதிர்ச் சுவரில் வெள்ளையாக அடித்தது. மாமா குழந்தை மாதிரி டிம், பிரைட், டிம், பிரைட் என்று அடித்துக்கொண்டே இருந்தார்.

சயாஜீ சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். இந்த ஹெட்லைட் ஜப்பானுக்குச் செய்தது, அங்கே இடது பக்கம் ஓட்டுவார்கள், அதனால் டிம் வெளிச்சம் இடது பக்கம் மேலே ஏறும். இங்கேதான் 1970-ல் ஒரே நாளில் எல்லாரையும் வலது பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்களே. ஏறுகிற வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் நேராக அடிக்கும். இத்தனை நாள் மங்கலாக இருந்ததால் யாரும் திட்டவில்லை. திருகைத் திருப்பி இரண்டையும் சற்றுத் தாழ்த்திவிட்டார். கேட்காமலே செய்த வேலை. நான் பழகிய பட்டறைகளில் கேட்டுச் செய்த வேலைக்கே மூன்று வரி பில் வரும்.

கூலி என்று சொன்னதைக் கேட்டு நான் கூடக் கொடுக்கப் பார்த்தேன். மாமா தடுத்தார், "ரேட்டைக் கெடுக்காதே மாப்ளே, நீ போயிருவே, நான்ல இங்க இருக்கேன்." நியாயம்தான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சொந்தக்காரர் வீட்டுப் பழைய டொயோட்டாவுக்கு எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு வாங்கிப் போகாதீர்கள். டிம்மும் பிரைட்டும் ஒன்றாக இருக்கும் சாதாரண எச்4 வகை எல்.இ.டி. பல்புகள் பொது முனையில் மைனஸை எதிர்பார்க்கும். இந்த வயரிங்கில் அங்கே பிளஸ் நிற்கும். பல்பு எரியாது, எரியவில்லை என்று யாராவது வயரை வெட்டுவார்கள். பிளஸ், மைனஸ் எது வந்தாலும் ஏற்கும் பல்பு என்று பெட்டியில் போட்டிருந்தால் வேறு விஷயம். அதைவிட பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். முப்பது ஆம்பியரை வீட்டில் வைக்கவே விடாதீர்கள்.

தேவையில்லாமல் மாட்டிய பல்புகளுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க மாமா அந்த ஏசி அறைக் கடைக்குப் போனாராம். காசு தரவில்லை. பதிலுக்கு ஒரு புது ஹாரன் தருவதாகவும், தாங்களே மாட்டித் தருவதாகவும் சொன்னார்களாம். ஹாரனை மட்டும் வாங்கிக்கொண்டு நேரே சயாஜீயிடம் போய்விட்டார் மாமா.