எச்சரிக்கை: பழைய பாய்மரத்தில் ஃபர்லிங் பொருத்தித் தருகிறோம் என்று வருபவர்கள்

மலேசியாவில் பினாங்கிலும் லங்காவியிலும் பாய்மரப் படகு வைத்திருக்கும் நம் ஆட்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கிற சிலரில் இரண்டு பேர் சென்ற மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, மெயின்செயிலுக்கு ஃபர்லிங் போட்டீங்களே, எப்படி இருக்கு? எங்ககிட்டயும் வந்து பேசியிருக்காங்க." மெயின்செயில் என்றால் படகின் பெரிய பாய். ஃபர்லிங் என்றால் கயிற்றை இழுத்தே அதைச் சுருட்டி அடக்கும் கருவி. எனக்குப் பொருத்திய அதே பட்டறை, அதே பேச்சு, கிட்டத்தட்ட அதே விலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 36,000 ரிங்கிட், ஒரு பாய், இடது மணிக்கட்டில் ஓர் எலும்பு.

என் படகு 36 அடி. 1980களின் கடைசியில் கட்டியது, அலுமினியப் பாய்மரம். காற்று கூடும்போது மெயின்செயிலைச் சுருக்க என்னிடம் இருந்தது பழைய முறை: பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஹாலியார்டைத் தளர்த்திப் பாயை ஒரு மடிப்பு இறக்கி, முன்பக்க வளையத்தைக் கொக்கியில் மாட்டி, பின்பக்கக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் அதற்குப் பாய்மரத்தின் அடிக்கு நடந்து போக வேண்டும். 57 வயதில் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு என் மனைவி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இதையே சொல்வாள்: "ஏங்க, ராத்திரியில நீங்க அந்த மரத்துகிட்ட போறது எனக்குப் பிடிக்கல. உட்கார்ந்த இடத்துலருந்தே பாயைச் சுருக்க ஏதாவது வழி பாருங்க."

வழிகள் உண்டு. பாயைப் பாய்மரத்தின் உள்ளேயே செங்குத்தாகச் சுருட்டுவது ஒன்று. பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக் கம்பமான பூமுக்குள் கிடையாகச் சுருட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் குணம் வேறு. பாய்மரத்துக்குள் சுருட்டும்போது பாய்க்குக் கிடையாகப் பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) வைக்க முடியாது, அதனால் பெரும்பாலும் பின்விளிம்பை உட்குழிவாக வெட்டிவிடுவார்கள், பரப்பு குறையும். சுருட்டிய பாயின் எடை முழுதும் உயரத்திலேயே நிற்கும். பாதியில் சிக்கிக்கொண்டால் கீழே இறக்கவும் வழியில்லை. பூமுக்குள் சுருட்டும் முறையில் பேட்டன் வைத்துக்கொள்ளலாம், எது கெட்டாலும் ஹாலியார்டை விட்டால் பாய் இறங்கிவிடும். ஆனால் பூம் கனமானது, விலையும் அதிகம். பூம் பாய்மரத்தோடு 90 பாகைக்குச் சற்றே குறைவான குறிப்பிட்ட கோணத்தில் நிற்காவிட்டால் பாய் ஒரு பக்கமாக ஏறிச் சுருண்டு மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்திருந்தும் ஏமாந்தேன்.

காரணம், வந்து பேசியவர் மூன்றாவதாக ஒரு வழியைச் சொன்னார். பாய்மரத்தை மாற்ற வேண்டாம், பூமையும் மாற்ற வேண்டாம், பாய்மரத்தின் பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஓர் அலுமினியக் குழாயை ரிவெட் அடித்துப் பொருத்தினால் அதற்குள் பாய் சுருண்டுகொள்ளும் என்றார். இது கட்டுக்கதை இல்லை. அப்படிப்பட்ட கருவிகள் உலகத்தில் உண்டு, ஒழுங்காகப் பொருத்தினால் வேலையும் செய்யும். "புது மாஸ்ட் வாங்கினா இதைவிட மூணு மடங்கு ஆகும் அண்ணே. உங்க பழைய பாயையே நாங்க வெட்டித் தைச்சுத் தந்துடுறோம்" என்று தமிழில் பேசினார். படகுத்துறையில் தமிழ் பேசும் ரிக்கிங்காரர், அதாவது பாய்மரமும் கயிறும் பொருத்துபவர், கிடைப்பது அபூர்வம். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கேட்டிருக்க வேண்டிய பாதிக் கேள்விகளைக் கேட்காமல் விட்டேன்.

70 விழுக்காடு முன்பணம் வாங்கினார்கள். விலைப்பட்டியலில் "மெயின்செயில் ஃபர்லிங் செட், பொருத்துக்கூலி உட்பட" என்று ஒரே வரி. தயாரிப்பாளர் பெயர் இல்லை, மாடல் இல்லை, வரிசை எண் இல்லை. பாய்மரத்தின் உயரத்தை அளக்க யாரும் மேலே ஏறவில்லை. பழைய பாயின் முன்விளிம்பை நாடாவால் அளந்துகொண்டு போனார்கள். பூமின் கோணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பூமைக் கீழிருந்து தாங்கும் வேங் என்ற திடமான தண்டு என் படகில் கிடையாது, கயிற்றுக் கப்பி மட்டும்தான். அதைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் என்றது பதினொரு வாரம் ஆனது. ஒப்படைத்த நாள் காலையில் துறைக்குள் இலைகூட அசையவில்லை. கயிற்றை இழுத்தார், பாய் வெளியே வந்தது. மறு கயிற்றை இழுத்தார், உள்ளே போய்விட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மனைவி கைதட்டினாள். மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்தேன். காற்றில்லாத இடத்தில் பாய்ச் சோதனை என்பது சோதனையே இல்லை என்பது 20 வருடம் கடலில் போய்வந்த எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தேன்.

மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்திரா காற்று வரும். இரவில் சுமத்திரா பக்கம் திரண்டு, விடியற்காலையில் கிழக்கே நம் கரையை அடிக்கும். ஒரு வரிசையாகக் கறுப்பு மேகம், குளிர்ந்த காற்று ஒரு வீச்சு, அப்புறம் மழையோடு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வேகம். வழக்கமாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்து போய்விடும். இந்தப் பக்கம் படகோட்டுகிற எல்லோரும் இதற்குத் தயாராகத்தான் போவோம். மே மாதத்தில் ஒரு நள்ளிரவு பினாங்கிலிருந்து லங்காவிக்குக் கிளம்பினோம், சுமார் 60 கடல் மைல். காலை 6 மணிக்கு, வழியில் லங்காவிக்குத் தெற்கே இருக்கும் பாயார் தீவு இன்னும் கண்ணில் படவில்லை. மேற்கே வானம் கறுத்தது. நான் பதறவில்லை. இதற்காகத்தானே கருவி வாங்கியிருக்கிறோம் என்று நினைத்து, சுருட்டும் கயிற்றை இழுத்தேன்.

மூன்றில் ஒரு பங்கு சுருண்டது. அப்புறம் நின்றுவிட்டது.

கொஞ்சம் வெளியே விட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன். வெளியேயும் வரவில்லை. குழாயின் பிளவில் பாயின் மடிப்புகள் அடைத்துக்கொண்டிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் போட்டு இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் இறுகும். அது தெரிந்ததால் விட்டுவிட்டேன். காற்று 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) தாண்டியதும் படகு சாய்ந்தது, பக்கத்துத் தளம் தண்ணீருக்குள் போனது. மனைவி எஞ்சினை ஓட்டிப் படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகப் பிடித்தாள். பாய் அடித்த அடியில் பாய்மரம் முழுக்க அதிர்ந்தது. பழைய முறையாக இருந்தால் ஹாலியார்டை அவிழ்த்தால் போதும், பாய் சரிந்து விழும். இங்கே ஹாலியார்டை விட்டும் ஒரு அங்குலம் இறங்கவில்லை.

எந்த இடத்துக்கு நான் போகவே கூடாது என்று இந்தக் கருவியை வாங்கினோமோ, அங்கேயே, அந்த நேரத்திலேயே, ஊர்ந்து போனேன். பாயின் பின்மூலையைப் பூமின் நுனிக்கு இழுத்துப் பிடிக்கும் அவுட்ஹால் கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். பாயின் பின்மூலை விடுபட்டுக் கொடி மாதிரி பறந்தது. அதில் இருந்த உலோக வளையம்தான் என் மணிக்கட்டில் அடித்தது. ஒரு கையாலும் பல்லாலும் உபரி ஹாலியார்டைப் பிடித்து, எட்டிய உயரம்வரை பாயைப் பாய்மரத்தோடு சுற்றிச் சுற்றிக் கட்டினேன். மேலே இருந்த பகுதி கிழிந்து பட்டை பட்டையாகத் தொங்கியது. 40 நிமிடத்தில் காற்று தணிந்தது. மனைவி சுக்கானை விடவே இல்லை. லங்காவிக்குள் நுழைந்து கயிறு கட்டி முடித்த பிறகுதான் அவள் அழுதாள். அதை நான் மறக்கப் போவதில்லை.

லங்காவியில் வேறொரு ரிக்கிங்காரரைக் கொண்டு எல்லாவற்றையும் கழற்றினோம். ஒவ்வொன்றாகக் காட்டினார். பாய் சுற்றிக்கொள்வதற்காகக் குழாய்க்குள் சுழல்கிற கம்பி, இரண்டு வெவ்வேறு கருவியிலிருந்து எடுத்து இணைத்தது; இணைப்பில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது, பாய் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே உரசியிருக்கிறது. அடியில் இருந்த, சுருட்டும் கயிறு சுற்றுகிற டிரம் மெயின்செயிலுக்கானதே இல்லை. முன்பாய்க்கான சின்ன டிரம். தகட்டில் இருந்த எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். ரிவெட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியப் பாய்மரத்தில் வழக்கமாக மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட்தான் அடிப்பார்கள். ஸ்டெயின்லெஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் டெஃப்-ஜெல், டியூராலாக் மாதிரி ஒரு பசையாவது பூச வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அரிப்பு தொடங்கி அலுமினியத்தைத் தின்னும். அரை வருடம்கூட ஆகவில்லை, துளைகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தது. அப்படிப்பட்ட துளைகள் என் பாய்மரத்தில் இப்போது நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

பாய்தான் மோசத்திலும் மோசம். வெட்டித் தைத்தது என்றால் பேட்டன்களை உருவிவிட்டு, பின்விளிம்பை வளைத்து வெட்டி, ஓரம் தைத்திருந்தார்கள். அவ்வளவுதான். 28 சதுர மீட்டர் இருந்தது 23 ஆகிவிட்டது. நடுவில் தொப்பை அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருடம் வெப்ப மண்டல வெயிலில் கிடந்த டேக்ரான் பாய்த்துணி இழுபட்டுத் தொய்ந்துதான் இருக்கும். இந்த வகைக் கருவிக்கு வேண்டியது தட்டையான பாய். தொப்பையுள்ள பாயைச் செங்குத்தாகச் சுருட்டினால் நடுவில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம்தான் பிளவில் போய் அடைக்கும். இது தையல்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

பட்டறைக்கு ஃபோன் செய்தேன். முதல் இரண்டு நாள் எடுக்கவில்லை. பிறகு, "நீங்க தப்பான பக்கத்துல காத்தை வச்சு சுருட்டியிருக்கீங்க" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வேதனை. பாய் சுருளும் திசையைப் பொறுத்து, காற்று ஒரு பக்கம் இருக்கும்போது பிளவின் விளிம்பில் உரசாமல் உள்ளே போகும், மறுபக்கம் இருந்தால் உரசும். அதை ஒப்படைக்கும்போது எனக்குச் சொல்ல வேண்டியது யார்? ஒரு பக்கக் குறிப்புகூட எழுதித் தரவில்லை. உத்தரவாதம் பற்றிக் கேட்டதற்கு, வேறு ஆள் கழற்றியதால் அது செல்லாது என்றார்.

ஃபர்லிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செல்டன் மாதிரித் தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையிலேயே ஃபர்லிங்கோடு செய்த பாய்மரங்களுடன் பல கடல்கள் தாண்டி வந்த படகுகள் லங்காவியில் நிற்கின்றன. அதன் உரிமையாளர்களோடு பேசினேன். அவர்கள் எல்லோருக்கும் பாயும் பாய்மரமும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. சுருட்டும்போது அவுட்ஹாலில் கொஞ்சம் இழுவை வைத்தே விடுகிறார்கள், அப்போதுதான் சுருள் இறுக்கமாக இருக்கும். பூமின் பின்நுனியை மேலிருந்து தாங்கும் கயிறான டாப்பிங் லிஃப்டில் பூமின் சரியான உயரத்துக்கு ஒரு அடையாளம் போட்டிருக்கிறார்கள். பாய் தொய்ந்தால் மாற்றிவிடுகிறார்கள். ஆகவே உங்களிடம் யாராவது வந்தால், தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் விலைப்பட்டியலில் இல்லாமல் ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். பாதியில் சிக்கினால் பாயை எப்படி இறக்குவது என்று கேளுங்கள். "சிக்காது" என்பது பதில் இல்லை. பழைய பாயையே வெட்டித் தருகிறேன் என்றால் கதவைக் காட்டுங்கள். கடைசித் தவணையை, 15 நாட் காற்றிலாவது வெளியே போய் இரண்டு பக்கக் காற்றிலும் விரித்துச் சுருட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நான் இப்போது பழைய முறைக்கே திரும்பிவிட்டேன், ஒரு மாற்றத்தோடு. பாயை மடித்துச் சுருக்கும் ரீஃப் கயிறுகள், ஹாலியார்ட் எல்லாம் தளத்தின் வழியாகப் பின்னால் நான் உட்காரும் இடத்துக்கே வருகின்றன. பாய்மரத்தில் வழுக்கும் பிளாஸ்டிக் தண்டவாளம் போட்டதால் ஹாலியார்டை விட்டதும் பாய் தானாகவே சரிந்து, பூமின் மேல் இருக்கும் பைக்குள் விழுகிறது. புதுப் பாய் தவிர்த்து 9,000 ரிங்கிட் ஆனது. முழங்காலுக்கும் வேலையில்லை, மனைவியும் தூங்குகிறாள். முதலிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். உடல் காயத்துக்கு அங்கே கேட்க முடியாது, அதனால் மணிக்கட்டைச் சேர்க்கவில்லை. ரசீது, படங்கள், லங்காவி ரிக்கிங்காரரின் எழுத்துப்பூர்வ அறிக்கை எல்லாம் இணைத்தாயிற்று. இதே பட்டறையில் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால் கருத்தில் எழுதுங்கள், சேர்ந்து போகலாம். கழற்றிய கம்பி, டிரம், ரிவெட், கிழிந்த பாய் எல்லாம் மன்றத்தில் காட்டுவதற்காக வீட்டுக் கார் கொட்டகையில் அப்படியே வைத்திருக்கிறேன். பினாங்குப் பக்கம் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒரு நடை வந்து கையால் தொட்டுப் பாருங்கள்.