பிரேக் எண்ணெய் மாற்றியதாக 120 வெள்ளி வாங்கினார்கள், மாற்றவே இல்லை: பினாங்கில் கார் ஓட்டுபவர்கள் கவனிக்கவும்

டுரியான் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவ் போயிருந்தேன். திரும்பும்போது பூட்டில் எட்டு கிலோ பழம், ஏசியை மீறி வாசம், பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. துன் சார்டோன் சாலை வழியாகப் பாயா தெருபோங் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டு போனதால் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கியரைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மிதித்தால் உள்ளே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, கார் மட்டும் வேகம் குறையவில்லை. மறுபடி மறுபடி மிதித்து, குறைந்த கியரான 'எல்'லுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எப்படியோ ஒரு பழக்கடை பக்கத்து மண் ஓரத்தில் போய் நிறுத்தினேன். அம்மா தண்ணீர்மலை முருகனைக் கூப்பிட ஆரம்பித்து ரொம்ப நேரமாகியிருந்தது.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! ஒன்றுமே நடக்காத மாதிரி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: ஆறியதும் சரியாகிவிட்டதே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் இன்சூரன்ஸுக்குப் போன் செய்து டோ வண்டியை வரவழைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது எதற்கென்றால், இரண்டு மாதம் முன்புதான் வழக்கமாகப் போகும் பட்டறையில் சர்வீஸ் செய்தேன். "அக்கா, பிரேக் எண்ணெய் கறுத்துப் போச்சு, மாத்திடலாம்" என்று பட்டறை முதலாளி தவுக்கே சொன்னார், நானும் சரி என்றேன், பில்லில் அதற்குத் தனியாக 120 வெள்ளி. பிறகு எப்படி இது?

டோ வண்டிக்காரர் ஆயிர் ஈத்தாமில் தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் இறக்கினார். அந்த அங்கிள் பானெட்டைத் திறந்தார். பிரேக் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் வெளிர்மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. "பாருங்க அங்கிள், புதுசாத்தானே இருக்கு?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் காரை ஜாக்கியில் தூக்கி முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேட்டை அழுத்தும் கேலிப்பருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன நிப்பிளை டார்ச் அடித்துக் காட்டினார். அதன் ரப்பர் மூடி காய்ந்த சேற்றோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. மூடியைப் பிய்த்து எடுத்தால் உள்ளே துரு, ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் கூட இல்லை. நாலு சக்கரத்திலும் அதே கதை. "இதைத் தொறக்காம பழைய எண்ணெய் எப்படிம்மா வெளிய வரும்?" என்றார். நான் உடனே போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

துரு எண்ணெய் அடித்துத் திறந்து, குழாயை மாட்டி, பையன் பெடலை மிதிக்க மிதிக்க பாட்டிலுக்குள் வந்தது பாருங்கள், அசல் கடுங்காப்பி. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிரேக் எண்ணெய் இஞ்சின் எண்ணெய் மாதிரி சுற்றி வருவதில்லை, குழாயிலும் கேலிப்பரிலும் இருப்பது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பட்டறைக்காரர் செய்தது மேலே டப்பாவில் இருந்ததை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றியது மட்டும்தான். பானெட்டைத் திறந்து பார்க்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு அது போதும்!

இந்த எண்ணெய் ஏன் கெட்டுப்போகிறது என்பதை அங்கிள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 எண்ணெய்க்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அதிலும் பினாங்கு காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தர அளவு. மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழி. எண்ணெயை அமுக்க முடியாது, அதனால்தான் நம் கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம், அப்போது கால் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறினால் குமிழி மறையும், பெடல் திரும்பி வரும், நாமும் ஏமாந்துபோவோம். ஈரம் உள்ளே துருவையும் கொண்டுவரும், கேலிப்பர் பிஸ்டனும் ஏபிஎஸ்ஸும் போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

பிரேக் எண்ணெயை எப்போது மாற்றுவது? பல கார்களுக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் கார் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி செய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் ஒன்று, டப்பாவில் அளவு குறைந்திருந்தால் "கொஞ்சம் ஊத்திட்டேன்" என்று சொல்லும் பட்டறையிலும் கவனமாக இருங்கள். பிரேக் பேட் தேயத் தேய அளவு இறங்கும், இல்லையென்றால் எங்கோ ஒழுகும். காரணத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டால் அந்த எச்சரிக்கையே மறைந்துபோகும்.

மாற்றச் சொன்னால் பக்கத்திலேயே நில்லுங்கள், கூச்சப்படாதீர்கள். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், பாதி காலியாகத் திறந்து கிடக்கும் பாட்டில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். நாலு நிப்பிளும் திறக்கிறதா, பழைய எண்ணெய் உள்ளே தெரிகிற குழாயில் வருகிறதா, கடைசியில் தெளிவாக வந்த பிறகுதான் மூடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டு மாதம் முன்பு அந்தப் பட்டறையில் எனக்குப் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது, காரை ஜாக்கியில் தூக்கவே இல்லை. நான் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பில்லையும் படங்களையும் எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலில் "அக்கா, நாங்க மாத்தினோமே", அப்புறம் "அந்தப் பையன் இப்ப வேலையில இல்ல", அப்புறம் "அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா செஞ்சு தரேன்". அந்தக் கையில் மறுபடி காரைக் கொடுப்பேனா? பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் போடுகிறேன், வக்கீல் தேவையில்லை, ஐந்து வெள்ளிதான் கட்டணம் என்றேன். கல்லாவைத் திறந்து 100 வெள்ளி எண்ணி வைத்தார். மீதி 20 எங்கே என்று கேட்டேன்.

"மேல ஊத்தின எண்ணெய்க்கு, அக்கா."