இப்போதே வாங்கலாமா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கலாமா?

மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மச்சானின் கம்ப்யூட்டர், கல்யாண வீடியோ எடிட்டிங்கில் திணறுகிறது. "அடுத்த பிராசசர் வரட்டுமே மாப்ளே" என்கிறார்.

காத்திருந்தால் வேகம் கூடலாம், இன்றைய மாடல்களின் விலையும் இறங்கலாம். ஆனால் புதுச் சரக்கு முதலில் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் வரும். தஞ்சாவூர் கடைகளுக்கு அப்புறம்தான். புது மதர்போர்டு என்றால் முதல் சில மாதங்கள் பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டுக்கொண்டே இருக்க நேரலாம்.

இப்போதே வாங்குவதென்றால் சாக்கெட்டை, அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது; அவர்களுடைய ரைசன் 5000 பிராசசர் வரிசை வரை தாங்கியது. 2022இல் வந்த ஏஎம்5க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. போர்டையும் அதில் போடும் டிடிஆர்5 ராமையும் (மெமரி) வைத்துக்கொண்டு பின்னால் பிராசசரை மட்டும் மாற்ற வழியிருக்கிறது. இன்டெல் பக்கம் 2021இல் வந்த எல்ஜிஏ1700, 12 முதல் 14ஆம் தலைமுறை வரை ஓடியது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கோ எல்ஜிஏ1851 என்ற வேறு போர்டு வேண்டும். எனக்கு ஏஎம்5தான் சரி என்று படுகிறது.

ஆடி மாதமாக இருந்தால் காத்திருக்கச் சொல்லியிருப்பேன், முகூர்த்தம் இல்லை. இப்போது தை. மூன்று கல்யாண ஆல்பம் பாக்கி இருக்கிறது, மச்சான். இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கூடவே நல்ல யுபிஎஸ் ஒன்றும்.