ஜெல் பிளாஸ்டர் களங்களில் வேக வரம்பு: சில ஆண்டுகள் விளையாடிய அனுபவம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனைச் சுற்றியுள்ள களங்களில் சில ஆண்டுகளாக ஜெல் பிளாஸ்டர், அதாவது நீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, விளையாடி வருகிறேன். உள்ளரங்கம், புதர் மண்டிய திறந்தவெளி, மரப்பலகைகளையும் டயர்களையும் அடுக்கி மறைவிடம் அமைத்த திடல் என்று பலவகை இடங்களில் விளையாடியாகிவிட்டது. ஒரு களம் பொறுப்பாக நடத்தப்படுகிறதா என்பதை, உருண்டை துப்பாக்கியிலிருந்து கிளம்பும் வேகத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பையும் அதைச் சோதிக்கும் முறையையும் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம் என்பது என் முடிவு. புதிதாக வருபவர்கள் பலர் இந்த வரம்பைத் தங்கள் ஆட்டத்தைக் கட்டிப்போடும் விதியாகவே நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது.

நான் போன இடங்களில் உள்ளரங்க வரம்பு பெரும்பாலும் விநாடிக்கு 250 முதல் 300 அடி வரை இருந்தது. திறந்தவெளியில் 300 முதல் 350 வரை அனுமதித்தார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் ஸ்னைப்பர் வகைக்கு மட்டும், குறிப்பிட்ட தூரத்துக்கு உள்ளே இருப்பவரைச் சுடக்கூடாது என்ற நிபந்தனையோடு, 400 வரை விட்ட களமும் உண்டு.

எண்களை மட்டும் பார்த்தால் 300-க்கும் 350-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் இருக்கும். ஆனால் உடம்பில் படுவது ஆற்றல். அது வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறும். 7.4 மில்லிமீட்டர் அளவுக்கு ஊறிய ஜெல் உருண்டை ஏறக்குறைய முழுவதும் நீர்தான் என்பதால், அதன் எடை சுமார் 0.21 கிராம். அது 250 அடி வேகத்தில் 0.6 ஜூல் ஆற்றலையும், 300-ல் 0.88 ஜூலையும், 350-ல் 1.2 ஜூலையும், 400-ல் ஏறத்தாழ 1.56 ஜூலையும் சுமந்து செல்கிறது. அதாவது 250-லிருந்து 350-க்குப் போகும்போது வேகம் நூற்றுக்கு நாற்பது பங்குதான் கூடுகிறது, ஆற்றலோ இரட்டிப்பாகிறது. விரல் கணுவிலும் காது மடலிலும் கழுத்திலும் அடி வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கூடுதல் ஆற்றலால் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது என்ன என்று கேட்டால், விடை ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஜெல் உருண்டை மிக இலேசானது. காற்றின் தடை அதைச் சீக்கிரமே அடக்கிவிடுகிறது. உருண்டையான பொருளுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் தடைக்கெழுவை (காற்று எவ்வளவு தடுக்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை) வைத்துக் கணக்கிட்டால், சுமார் 12 மீட்டர் போவதற்குள் அதன் வேகம் பாதியாகிவிடும். இதே கணக்கின்படி, 350 அடி வேகத்தில் கிளம்பும் உருண்டை மூன்று மீட்டர் தாண்டுவதற்கு முன்பே 300-க்கு இறங்கிவிடுகிறது. 400-ல் கிளம்புவதற்கும் ஐந்து மீட்டர் போதும். எனவே வலுவான ஸ்பிரிங்கை மாட்டி 50 அடி கூட்டுபவர் சம்பாதிப்பது மூன்று மீட்டருக்கும் குறைவான எட்டுதூரம்தான். அந்த மூன்று மீட்டருக்காக, ஒரு மூலை திரும்பும்போது எதிரே வந்து நிற்பவருக்கு நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு கூடுதல் அடி விழுகிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, உள்ளரங்கத்தில் 300-க்கு மேல் அனுமதிக்கும் எந்தக் களத்தின் வாதமும் எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

வரம்பைப் பலகையில் எழுதி வைப்பது எளிது, நடைமுறைப்படுத்துவதுதான் வேலை. நுழைவாயிலுக்கு அருகே ஒரு மேசையில் குரோனோகிராஃப் இருக்கும். சிறிய சுரங்கம் போன்ற அதன் குழாய்க்குள் இரண்டு ஒளி உணரிகள் உண்டு. முதல் உணரியை மறைத்த உருண்டை இரண்டாவதை மறைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு கருவி வேகத்தைக் காட்டும். பொறுப்பான களத்தில் மார்ஷல் எனப்படும் களக் கண்காணிப்பாளர் நான்கைந்து முறை சுடச் சொல்லி, சராசரியை விட்டுவிட்டு அதிகபட்ச எண்ணையே கணக்கில் எடுப்பார். தேறிய பிளாஸ்டரில் அன்றைய நிறத்தில் ஒரு கேபிள் டை கட்டிவிடுவார். நான் போன ஒரு களத்தில் ஒரே ஒரு முறை சுட்டுக் காட்டினால் போதும் என்று விட்டார்கள். பிற்பகலுக்குள் பலருடைய கைகளில் சிவந்த தடிப்புகள் எழும்பியிருந்தன. பிறகு நான் அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஜெல்லின் அளவு இந்தச் சோதனையில் பலரும் கவனிக்காத சங்கதி. உருண்டை சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற நீருறிஞ்சும் பாலிமரால் ஆனது. நீரில் கால்சியம் போன்ற உப்புகள் அதிகமானால் அது குறைவாகவே ஊதும். ஒரே பொட்டலத்து ஜெல்லை வடிகட்டிய நீரிலும் கடின நீரிலும் தனித்தனியாக ஊறவைத்து விரலிடையில் உருட்டிப் பார்த்தால், வித்தியாசம் தொட்டாலே தெரியும். சிறுத்த உருண்டை பேரல் என்ற குழலுக்குள் தளர்வாக ஓடும். அதற்குப் பின்னாலிருக்கும் காற்று பக்கவாட்டில் கசிந்து வேகம் குறையும். நன்றாக ஊறி இறுக்கமாகப் பொருந்தும் உருண்டை, அதே பிளாஸ்டரில் கணிசமாக வேகமெடுக்கும். ஆகவே களத்தின் ஜெல்லை மட்டும் வைத்துச் சோதிப்பது போதாது. ஆட்டக்காரரின் மேகசினில் உள்ள ஜெல்லை வைத்தும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அன்று மற்றவர்கள் மீது படப்போவது அதுதான்.

வாயு அழுத்தத்தால் இயங்கும் கேஸ் பிளாஸ்டர்களுக்குக் காலையில் ஒரு சோதனை மட்டும் வைப்பது இன்னும் ஆபத்து. கிரீன் கேஸ் என்று விற்கப்படுவது அடிப்படையில் புரொப்பேன். அதன் ஆவியழுத்தம் 20 டிகிரியில் சுமார் 8 பார், 35 டிகிரியில் சுமார் 12 பார். குயின்ஸ்லாந்தின் கோடையில், காலை குளிர்ச்சியில் தேறிய பிளாஸ்டர் நண்பகல் வெயிலில் கிடந்த, வாயு அடைத்த மேகசினோடு வரம்பைத் தாண்டுவது இயல்பாகவே நடக்கும். அதில் யாருடைய ஏமாற்றும் இருக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கால் இயங்கும் மின் பிளாஸ்டர்கள் வெப்பத்துக்கு இவ்வளவு மாறுவதில்லை. புதிய ஸ்பிரிங் சில நாள் ஓடியபின் சற்றுத் தளரும், அவ்வளவுதான். பேட்டரியை 7.4 வோல்ட்டிலிருந்து 11.1-க்கு மாற்றினால் வேகம் எகிறும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கூடுவது விநாடிக்கு எத்தனை உருண்டை வெளியேறுகிறது என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு உருண்டையின் வேகத்தை ஸ்பிரிங், சிலிண்டர், காற்றுக் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம், பேரல் ஆகியவையே முடிவு செய்கின்றன. ஆனாலும் அருகிலிருந்து ஐந்தாறு உருண்டைகள் ஒரே இடத்தில் சேர்ந்து படுவது தனி வேதனை என்பதால், உள்ளரங்கத்தில் ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா என்ற விதி வேக வரம்பு அளவுக்கே முக்கியமானது.

கண்ணைப் பொறுத்தவரை எந்த வரம்பும் போதாது. ஜெல் உருண்டை பட்டுக் கண்ணின் முன்னறையில் இரத்தம் தேங்கிய நோயாளிகளைப் பற்றிக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் இ.என். 166 தரத்தில் எஃப் என்று குறிக்கப்படும் கண்ணாடி, 0.86 கிராம் எஃகுக் குண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்க வேண்டும். அந்த ஆற்றலும் 300 அடி வேக ஜெல்லின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஜெல் உடைந்து சிதறுவதால் அடி சற்று மட்டுப்படும் என்றாலும், பக்கவாட்டில் இடைவெளி உள்ள சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியை நான் ஏற்பதில்லை. பெயின்ட்பாலுக்கான முழு முகக்கவசமே சரியான தேர்வு. பல்லையும் அது காப்பாற்றும்.

இந்த ஒழுங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியா 2020 அக்டோபரிலேயே ஜெல் பிளாஸ்டர்களைத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 2021-ல் தடை செய்தது. குயின்ஸ்லாந்தில் 2021 பிப்ரவரி முதல், வைத்திருப்பதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும், வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும், பொது இடத்தில் வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லக்கூடாது என்ற விதிகள் நடைமுறையில் உள்ளன. காயங்களின் செய்தி பெருகினால் இங்கும் கதவு சாத்தப்படலாம் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, 270-லிருந்து 285 வரை காட்டும் ஸ்பிரிங் உள்ள பிளாஸ்டர். ஜெல் எவ்வளவு இறுக்கமாக ஊறினாலும், நான் விளையாடிய பெரும்பாலான களங்களில் அது வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சப்படும் பணத்தை, உருண்டைக்குப் பின்சுழற்சி தரும் நல்ல ஹாப்-அப்புக்கும், ஒரே சீரான அளவில் ஊறும் ஜெல்லுக்கும் செலவிடலாம். எட்டுதூரத்தையும் குறியையும் கூட்ட இவை இரண்டும், வலுவான ஸ்பிரிங்கைவிட அதிகம் உதவியிருக்கின்றன.